சிவப்பரிசிக்கு வயது உண்டு

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் மாமல்லபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். புதுச்சேரிக்காரர். பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலைக்கு வடக்கே உள்ள மதிரான் பகுதியில் திராட்சை மது தயாரிக்கும் ஆலை ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். வந்தவர் தம் பையிலிருந்து மூன்று புட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றும் 'தன்னா' என்ற ஒரே கருந்திராட்சையிலிருந்து எடுத்தவை. ஒரே தோட்டத்தில் விளைந்தவை. ஆண்டு மட்டுமே வேறு. ஒன்றுக்கு வயது இரண்டு, அடுத்ததற்கு ஏழு, மூன்றாவதற்குப் பதினைந்து.

எனக்கு மது அருந்தும் பழக்கம் இல்லை. சுவை பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களும் விழுங்குவதில்லை, வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள் என்று அவர் சொன்னார். முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவனுக்கு உரிய ஆர்வம் என்னை உந்தியது. மூன்றையும் நாவில் நனைத்துப் பார்த்துத் துப்பினேன். முதலாவது கடுக்காயைக் கடித்தது போல் இருந்தது. நாக்கும் ஈறும் வறண்டு இழுத்தன. இரண்டாவதில் அந்த இழுப்பு தளர்ந்திருந்தது. மூன்றாவதில் துவர்ப்பு இருந்த இடம் மட்டும் தெரிந்தது. நாவற்பழத்தின் ஊதா நிறம் செங்கல் நிறத்தை நோக்கி மங்கியிருந்தது.

தன்னா உலகப் புகழ் பெற்ற திராட்சை அன்று. பிரான்சுக்கு வெளியே அதைப் பெரிதாகப் போற்றும் நாடு உருகுவே ஒன்றுதான். தோலிலும் விதையிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்திருப்பதால், இளமையில் அதைக் குடிப்பது கடினம். நாள் செல்லச் செல்ல அந்த டானின் மூலக்கூறுகள் தமக்குள்ளும் நிறப்பொருள்களோடும் இணைகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. நாக்கில் உறைக்கும் தன்மை தணிகிறது. இதையெல்லாம் அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி மதிய உணவைப் பரிமாறினார். அன்று எங்கள் வீட்டில் குள்ளக்கார் சோறு.

இரண்டு கவளம் உண்டவர் மென்றுகொண்டே நிமிர்ந்தார். "சார், இதுலயும் அதே துவர்ப்பு லேசா இருக்கே. இது எந்த வருஷத்து அரிசி?"

என்னிடம் பதில் இல்லை. சமையலறைக்குச் சென்று பொட்டலத்தை எடுத்து வந்து பார்த்தேன். எடை இருந்தது, விலை இருந்தது, பொட்டலமிட்ட தேதி இருந்தது. நெல் எப்போது அறுக்கப்பட்டது என்பது மட்டும் எங்கும் இல்லை. திராட்சையின் வயதைப் புட்டியின் நெற்றியிலேயே எழுதும் நாட்டிலிருந்து வந்தவருக்கு அது வியப்பாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் பாட்டி வீட்டில் நெல்லின் வயது தெரியாமல் உலை வைத்ததில்லை.

அவர் நாக்கு பொய் சொல்லவில்லை. சிவப்பரிசியின் நிறத்துக்குக் காரணம் அதன் மேலுறையில் உள்ள புரோஆந்தோசயனிடின் என்ற பொருள்கள். இவை டானின் குடும்பத்தைச் சேர்ந்தவை. திராட்சை விதையிலும் தோலிலும் இருப்பவற்றின் நெருங்கிய உறவினர். கறுப்புக் கவுனி போன்ற கருநிற அரிசிகளின் கதை வேறு. அவற்றின் நிறம் ஆந்தோசயனின் என்ற மற்றொரு வகையால் வருவது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. வெள்ளை பின்னால் வந்தது. சிவப்பு நிறத்தை உருவாக்கும் மரபணு ஒன்றில் 14 எழுத்துகள் உதிர்ந்துபோனதால்தான் உலகின் மிகப் பெரும்பாலான வெள்ளையரிசி வகைகள் தோன்றின என்பது ஆய்வின் முடிவு. ஆகவே வெள்ளையை இயல்பு என்றும் சிவப்பை விதிவிலக்கு என்றும் கருதுவது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

மாணவர் விடைபெற்றுச் சென்ற பின்னும் அவர் கேட்ட கேள்வி போகவில்லை. மூன்று வயதுக் குள்ளக்காரை ஒரே நாளில் சமைத்து அருகருகே வைத்து உண்டு பார்த்தால் என்ன என்று தோன்றியது. மதுராந்தகத்துக்கு அருகே ஏரிப் பாசனத்தில் பயிரிடும் முதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் சித்திரை, வைகாசியில் விதைத்து ஆடி, ஆவணியில் அறுக்கும் போகத்துக்குச் சொர்ணவாரி என்று பெயர். காவிரிப் படுகையில் குறுவை, நெல்லைப் பக்கம் கார் என்று சொல்வதும் ஏறத்தாழ இதே பருவம்தான். குள்ளக்கார் நான்கு மாதத்துக்குள் கதிர் முற்றிவிடும் குட்டையான நெல். பருத்த, சிவந்த அரிசி. இட்லிக்கும் கஞ்சிக்கும் பேர்போனது. மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் நகரத்துக் கடைகளில் பெற்ற விளம்பரம் இதற்குக் கிடைக்கவில்லை.

அந்த முதியவர் வீட்டில் இன்றும் ஒரு மண் குதிர் இருக்கிறது. அவருடைய தாயார் காலத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு பங்கு நெல்லை விற்காமல் ஒதுக்கி வைப்பது அவர்கள் வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் பழைய நெல்லைக் குத்தித்தான் கஞ்சி வைப்பார்கள். ஆவணியில் நான் சென்றபோது அவரிடம் அந்த மாதம் அறுத்த நெல் இருந்தது. சென்ற ஆண்டு நெல் குதிரில் இருந்தது. மூன்றாண்டு பழையது ஒரு சாக்கு எஞ்சியிருந்தது. மூன்றிலும் சில படி எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள சிறு அரவை ஆலைக்குப் போனோம். உமி மட்டும் நீங்கினால் போதும், தவிடு போகக் கூடாது என்று ஆலைக்காரரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. தீட்டாமல் கொடுப்பது அவருக்குத் தொழிலில் குறை வைப்பதாகத் தோன்றியது போலும்.

அன்று மாலை அவர் வீட்டு முற்றத்திலேயே மூன்று மண்சட்டிகளில் உலை வைத்தோம். ஒரே அளவு அரிசி, ஒரே அளவு நீர், ஒரே விறகு.

அரிசியாக இருந்தபோதே நிறத்தில் வேறுபாடு தெரிந்தது. புதியது இளஞ்சிவப்பு, மூன்றாண்டு பழையது காய்ந்த செம்மண்ணின் பழுப்பு. வெந்தபோது வேறுபாடு பெருகியது. புதிய அரிசி விரைவில் வெந்தது. வடித்த கஞ்சி பசைபோல் கொழகொழவென்று இறங்கியது. சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வாசனையில் ஈர வைக்கோலும் பாலும் கலந்த ஓர் இனிமை இருந்தது. மென்றபின் நாவின் ஓரங்களில் துவர்ப்பு தெளிவாக நின்றது. ஓராண்டு அரிசி இன்னும் சிறிது நேரம் கேட்டது, நீரும் கேட்டது. பருக்கைகள் பிரிந்து நின்றன. மூன்றாண்டு அரிசிக்கு இருமுறை வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது. சட்டியில் அதுதான் உயரமாகப் பொங்கி நின்றது. வடித்த கஞ்சியோ தண்ணீராகத் தெளிந்திருந்தது. துவர்ப்பு ஏறக்குறைய இல்லை. பச்சை வாசனை போய், வறுத்த தானியத்தை நினைவூட்டும் மணமும், அதன் அடியில் பழைய மரப்பெட்டியைத் திறந்தது போன்ற ஒரு நெடியும் இருந்தன. அந்த நெடியை எல்லாரும் விரும்ப மாட்டார்கள். எனக்கு ஓராண்டு அரிசியே உயர்ந்ததாகப் பட்டது. முதியவர் மூன்றாண்டுச் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் என்ன நடக்கிறது? அரிசியில் உள்ள மாவுச்சத்தின் அளவு, ஆண்டுகள் சென்றாலும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அதைச் சுற்றியுள்ள ஏற்பாடு. மாவுச்சத்து மணிகளைச் சூழ்ந்திருக்கும் புரதங்களில் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் புதிய பிணைப்புகளை உண்டாக்குகின்றன. புரத வலை இறுகுகிறது. கொழுப்பு சிதைந்து பிரியும் அமிலங்கள், மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸைப் பற்றிக்கொள்கின்றன. செல் சுவர்களும் உறுதிப்படுகின்றன. இதனால் வேகும்போது பருக்கை உடையாமல், உள்ளிருக்கும் மாவு கஞ்சியில் கரைந்து போகாமல், நீரை மெல்ல உறிஞ்சி நீண்டு பருக்கிறது. புதிய அரிசியில் மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் துடிப்போடு இருக்கும். பழையதில் அவை ஓய்ந்துவிடும். இம்மாற்றங்களில் பெரும்பகுதி அறுவடைக்குப் பிந்தைய முதல் சில மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதன்பின் நகர்வு மெதுவானது. ஆகவே ஆறு மாத நெல்லுக்கும் புது நெல்லுக்கும் உள்ள தொலைவு, இரண்டாண்டு நெல்லுக்கும் மூன்றாண்டு நெல்லுக்கும் உள்ளதைவிடப் பெரிது.

நொதியின் ஓய்வை ஆய்வகத்தில் கண்ணால் காணலாம். பச்சரிசியைக் குவையகால் என்ற கரைசலில் நனைத்து, சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால், புதிய அரிசி செம்பழுப்பாக மாறும், பழையது அசையாது. பாலிஷ் செய்த வெள்ளையரிசியில் மாணவர்களுக்குப் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். புழுங்கலரிசியில் இது பலிக்காது, ஏனெனில் வேகவைத்தபோதே நொதி செத்துவிடுகிறது. சிவப்பரிசியில் அதன் சொந்த நிறமே கண்ணை ஏமாற்றும். அதற்கு நாக்குத்தான் கருவி.

நம் முன்னோர் இதை வேறு மொழியில் சொன்னார்கள். புது தானியம் கனமானது, ஓராண்டு கழிந்தது இலகுவானது என்பது ஆயுர்வேத நூல்களின் பொதுக் கருத்து. வடித்த கஞ்சியின் பசையைப் பார்த்தவர்கள் வேறு முடிவுக்கு வந்திருக்கவும் முடியாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கடைகளில் பழைய பொன்னி என்றும் புதிய பொன்னி என்றும் பிரித்து, பழையதற்குக் கூடுதல் விலை வைத்து விற்கிறார்களே. வயதை மறந்துவிட்டோம் என்று எப்படிச் சொல்லலாம்? உண்மைதான். வெள்ளையரிசியில் நாம் வயதை மறக்கவில்லை. புதிய அரிசியை நீராவியில் காட்டிப் பழையதைப் போல் உதிரியாக வேகச் செய்யும் 'ஸ்டீம்' அரிசியே அந்த நினைவின் குறுக்குவழிதான். மறந்தது சிவப்பரிசியில். அதற்குக் காரணம் தவிட்டில் இருக்கிறது.

வெள்ளையரிசியில் தவிடு நீக்கப்பட்டுவிடுவதால் எண்ணெய்ப் பசை மிகக் குறைவு. அதை அரிசியாகவே சாக்கில் அடுக்கி ஓராண்டு வைக்கலாம். சிவப்பரிசியின் நிறமும் துவர்ப்பும் தவிட்டு உறையில்தான் உள்ளன. தீட்டினால் சிவப்பரிசியே இல்லை. தீட்டாமல் விட்டால் எண்ணெயும் உடன் இருக்கும். நெல்லாக இருக்கும்வரை அந்த எண்ணெயும், அதைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் தனித்தனி அடுக்குகளில் ஒன்றையொன்று தொடாமல் உறங்குகின்றன. உமியைப் பிரிக்கும் உராய்வில் அடுக்குகள் சிதைந்து இரண்டும் கலக்கின்றன. அந்த நொடியிலிருந்து எண்ணெய் அமிலமாக மாறத் தொடங்குகிறது. பிறகு காற்றில் உள்ள ஆக்சிஜன் வேலையை எடுத்துக்கொள்கிறது. நம் வெப்பத்தில் சில வாரங்களிலேயே சிக்கு வாடை எட்டிப்பார்க்கும். சில மாதங்களில் கசக்கும். புழுங்க வைத்தால் நொதி அழியும் என்பது சரி. ஆனால் ஆக்சிஜனின் வேலையை அது தடுப்பதில்லை.

ஆக, சிவப்பரிசி உமிக்குள் இருந்தால் முதிர்கிறது. உமியை இழந்தால் கெடுகிறது. இரண்டையும் 'பழசு' என்ற ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்துக்கெல்லாம் தாய்.

உமி இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இதை நான் என் செலவிலேயே கற்றேன். அன்று மதுராந்தகத்திலிருந்து அந்த ஆண்டுப் புது நெல்லில் ஒரு சாக்கு வாங்கிவந்து, கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள எங்கள் வீட்டின் பின்னறையில் வைத்தேன். நொச்சி இலையும் வேப்பிலையும் காயவைத்துப் போட்டேன். முதியவர் குதிரில் இருந்ததும் அதே களத்து நெல். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்ததும் சாக்கைப் பிரித்தேன். அடிப்பகுதி கட்டிதட்டிப் பூசண நாற்றம் அடித்தது. மேற்பகுதியில் அந்துப்பூச்சிகள் பறந்தன. அதே நாளில் மதுராந்தகத்து நெல்லைக் கையில் அள்ளினால் மணல்போல் சலசலத்து விழுந்தது.

நெல் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைப் பரிமாறிக்கொண்டே இருக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டளவில் இருந்தால் நெல் ஏறக்குறைய 14 விழுக்காடு ஈரத்தோடு சமநிலை அடையும். அதுவே பாதுகாப்பின் எல்லை. காற்று 90 விழுக்காட்டைத் தொட்டால் நெல் 17, 18 விழுக்காட்டுக்கு ஏறும். பூசணத்துக்கு அது விருந்து. கல்பாக்கத்திலிருந்து கோவளம் வரை இந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகை இரவுகள் எப்படி இருக்கும் என்பதைச் சுவரில் பூத்த உப்பே சொல்லும். தரையிலிருந்து உயர்த்தி, பசு சாணமும் மண்ணும் பூசி, வாயை மூடிய குதிர் செய்த வேலை, வெளிக்காற்றை உள்ளே விடாமல் வைத்ததுதான். திருப்பாலைத்துறைக் கோயிலில் நிற்கும் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்கள், அந்தத் தடித்த சுவர்களின் பொருளையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு நுட்பமும் குதிர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. சோற்றுக்கு நல்லது பழைய நெல். விதைக்கு அது ஆகாது. விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் அவ்வாறே என்பது விதையியலாளர்கள் கையாளும் பொது விதி. ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் ஊரில் முளைப்புத்திறன் விரைந்து சரியும். எனவே விதை நெல் ஆண்டுதோறும் புதிதாக வேண்டும். பத்திய நெல் ஆண்டுகள் கடக்க வேண்டும். மரபு நெல்லைக் காப்பதென்றால் இந்த இரண்டு காலக்கணக்குகளையும் காக்க வேண்டும். நாம் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டோம்.

விதை பக்கம் நடந்த பணி பெரிது, அதில் ஐயமில்லை. நம்மாழ்வாரின் தூண்டுதலால் நெல் ஜெயராமன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரபு வகைகளைத் தேடிச் சேர்த்து, திருவிழா நடத்தி, உழவர் கைகளில் கொடுத்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். 2021-இல் தாக்கலான தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அவர் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது. விதை கிடைக்கிறது, விளைகிறது. விளைந்தபின் என்ன என்பதில்தான் இடறல்.

முதியவர் சொன்னது இது: "வாத்தியாரே, நெல்லு பழசாகணும்னா அதுக்கு நேரம் வேணும். எனக்கு ஏது நேரம்? அறுத்த மறுநாளே மெஷின் வாடகையும் ஆள் கூலியும் வாசல்ல வந்து நிக்குது."

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்னரகம், பொதுரகம் என்ற இரண்டே வகுப்புகள். ஈரப்பதம் அளக்கிறார்கள், வயதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அந்த அமைப்புக்கு இல்லை. கோடிக்கணக்கானோருக்கு ஒரே சீரான அரிசி வழங்குவது அதன் கடமை. மத்தியத் தொகுப்புக்கான அரிசித் தர விதிமுறையில், உடைந்த அரிசி, நிறம் மாறிய அரிசி ஆகியவற்றோடு 'சிவப்பு மணிகள்' என்றும் ஓர் இனம் உண்டு. 3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வெள்ளையில் கலந்த சிவப்பு அங்கே குறைபாடு. விதியின் நோக்கம் கலப்பைத் தடுப்பதுதான் என்றாலும், சிவப்பு நெல் உழவருக்கு அந்த வாசலில் இடமில்லை என்பதே நடைமுறை விளைவு.

எனவே அவர் வியாபாரியிடம் செல்கிறார். வியாபாரி உடனே அரைக்கிறார். அரிசியாக விற்றால்தான் அவருக்கு லாபம். அது பொட்டலமாகி, இயற்கை அங்காடியின் விளக்கொளியில் மாதக்கணக்கில் உட்காருகிறது. உடல்நலம் கருதி விலை கொடுத்து வாங்கும் குடும்பம் இரண்டு முறை சமைத்துப் பார்க்கிறது. புதியதாக இருந்தால் குழைந்து துவர்க்கிறது. நாள்பட்டதாக இருந்தால் கசக்கிறது. "சிவப்பரிசி நமக்கு ஒத்துவராது" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. இரண்டு நிலையிலும் குற்றம் நெல்லின் மீது விழுகிறது. உண்மையில் அந்தக் குடும்பம் குள்ளக்காரைச் சுவைக்கவே இல்லை. என் வீட்டிலும் பல ஆண்டுகள் இதுதான் நடந்தது.

வயதை மதிப்பது எல்லா நாட்டிலும் ஒரே திசையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் புது அரிசியைக் கொண்டாடுகிறவர்கள். ஒட்டும் சோறே அவர்களுக்குச் சோறு. 2025-இல் அங்கு அரிசித் தட்டுப்பாடு வந்து, அரசு தன் கையிருப்பிலிருந்த 2021, 2022 ஆண்டுகளின் அரிசியை மலிவு விலையில் வெளியிட்டபோது, அதற்குப் 'பழைய பழைய பழைய அரிசி' என்று பொருள்படும் பெயரே புழங்கியது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், அது வேறு. இத்தாலியின் வெர்செல்லியிலோ ஓர் ஆலை, கார்னரோலி என்ற அரிசியை நெல்லாகவே குறைந்தது ஓராண்டு குளிர்ந்த கலன்களில் முதிரவைத்து, அந்த ஆண்டுக்கணக்கைச் சொல்லியே உயர்ந்த விலைக்கு விற்கிறது. இரு நாட்டிலும் பொதுவானது ஒன்று: வாங்குபவருக்கு அறுவடை ஆண்டு தெரிகிறது.

நமக்கு வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல என்றே நினைக்கிறேன். மரபரிசிப் பொட்டலத்தில் அறுவடை மாதமும் அரைத்த மாதமும் தனித்தனியே அச்சிடப்பட வேண்டும். இப்போது உள்ள பொட்டலத் தேதி இரண்டையும் மறைக்கிறது. நெல்லாகச் சேமித்து, கேட்கும்போது அரைத்துக் கொடுக்கும் சிறு ஆலைகள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் இருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்துக்குப் பணம் வேண்டும். 2007-ஆம் ஆண்டின் கிடங்குகள் மேம்பாட்டு, ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற கிடங்கில் வைத்த விளைபொருளுக்குத் தரும் ரசீதை அடமானமாகக் காட்டிக் கடன் பெற வழி செய்திருக்கிறது. பத்து மூட்டைக் குள்ளக்கார் வைத்திருப்பவருக்கு அந்த வழி எட்டுவதில்லை. கிடங்கும் பெரிது, காகிதமும் பெரிது. மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், செய்யூர் வட்டாரங்களில் கடற்காற்று எட்டாத ஊர் ஒன்றில், பல உழவரின் சிவப்பு நெல்லை ஆண்டுவாரியாகப் பிரித்து வைக்கும் ஒரே ஒரு சிறு கிடங்கு இருந்தால்கூட, ஓராண்டு நெல்லுக்கு ஒரு விலை, ஈராண்டு நெல்லுக்கு ஒரு விலை என்று சொல்லத் தொடங்கலாம். உழவர் சிலர் இதைச் சிறு அளவில் செய்தும் பார்க்கின்றனர். அவர்களுக்குத் தடை சந்தை அன்று, அந்த ஓராண்டு வயிற்றுப்பாடு.

செலவு இல்லாத ஒன்றும் உண்டு. கடையில் கேட்பது. நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். பெரும்பாலும் விழிக்கிறார்கள். செங்கல்பட்டில் ஒரு கடைக்காரர் மட்டும், "நீங்க ரெண்டாவது ஆளு கேக்குறீங்க" என்று சொல்லி, மொத்த வியாபாரியைக் கைப்பேசியில் அழைத்து விசாரித்தார். அரைத்து ஏழு மாதம் என்று பதில் வந்தது. அவரே பொட்டலத்தைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

இந்த ஆவணியில் முதியவர் அறுத்த நெல்லில் இரண்டு மூட்டை எனக்கென்று அவர் குதிரிலேயே இருக்கிறது. விலையை முன்னதாகக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் காத்திருக்க முடிந்தது. என் மாணவர் அடுத்த ஆடியில் வருவதாக எழுதியிருக்கிறார். அதற்குள் அந்த நெல்லுக்குப் பதினொரு மாதம் ஆகியிருக்கும். மூட்டையின் மேல் கரித்துண்டால் மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிட்டு வந்தேன்.